அச்சாரம் வாங்காமல் சரக்கைக் கட்டி வைப்போமா?

வேலை கிடைத்த பிள்ளைகள் ஆலோசனை கேட்டு வியாபாரிகளிடம் வருவது இப்போது கூடியிருக்கிறது. படித்தவர்களிடம் கேட்டால் புத்தி சொல்வார்கள், வியாபாரியிடம் கேட்டால் கணக்குச் சொல்வார் என்பது அவர்களது எண்ணம். அதில் பிழையில்லை. வேலைக்குப் போவதும் ஒருவகையில் வியாபாரம்தான். அங்கே விற்கும் சரக்கு நமது நேரம். அதை யாருக்கு, என்ன விலைக்கு, என்ன நிபந்தனையில் கொடுக்கிறோம் என்பதைக் கொடுக்கும் முன்னரே பேசிக்கொள்ள வேண்டும்.

அண்மையில் என்னிடம் வந்தவர் யாழ்ப்பாணம் புத்தூரைச் சேர்ந்த ஓர் இளைஞர். அவரது தகப்பனார் அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எனக்கும் அவருக்கும் பல வருடக் கொடுக்கல் வாங்கல். மகன் உயர்தரம் முடித்து, கணினித் துறையில் என்.வி.கியூ. 4ஆம் மட்டச் சான்றிதழும் எடுத்திருக்கிறார். கொழும்பிலுள்ள ஒரு கம்பனி அவரைத் தொழில்நுட்ப உதவியாளராக எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. கடைகளிலும் பாமசிகளிலும் பில் போடும் கணினி, பார்கோட் வாசிக்கும் கருவி, பில் அச்சிடும் இயந்திரம், கண்காணிப்புக் கமெரா ஆகியவற்றைப் பூட்டிக் கொடுத்துப் பராமரிக்கும் கம்பனி அது. பகலில் வழமையான வேலை. அதற்கு மேல், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ‘ஒன் கோல்’ கடமை.

“சம்பளம் பரவாயில்லை மாமா. ஆனால் இரவும் பகலும் போனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேணுமாம். எடுக்கிறதோ விடுகிறதோ எண்டு விளங்கேல்லை” என்றார் தம்பி. நியமனக் கடிதம் கையில் இருந்தது. கையொப்பமிட ஒரு வாரம் தவணை.

கட்டி வைத்த சரக்கு

ஒன் கோல் என்பது நமக்குப் புதிய சங்கதி அல்ல. வைத்தியசாலையில் விசேட வைத்திய நிபுணர்களுக்கு இது உண்டு. மின்சாரப் பழுதுபார்க்கும் குழுவுக்கும் உண்டு. வேலை நேரம் முடிந்து வீட்டுக்குப் போனாலும் தொலைபேசி கையில் இருக்க வேண்டும். அழைப்பு வந்தால் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் இடத்துக்கே போக வேண்டும்.

பல இரவுகளில் அழைப்பே வராது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. “வீட்டில் சும்மா இருப்பதற்கும் காசு கொடுப்பதா?” என்று முதலாளி கேட்பார். “சும்மா இருக்கவில்லை, கட்டுப்பட்டு இருக்கிறேன்” என்பார் ஊழியர். யார் சொல்வது சரி?

வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒருவர் நமது கடைக்கு வந்து, “இந்த ஐந்து மூடை அரிசியை எனக்கென்று எடுத்து வையுங்கள். தேவைப்பட்டால் வந்து எடுப்பேன், தேவைப்படாவிட்டால் விட்டுவிடுவேன். அதுவரை வேறு யாருக்கும் விற்கக் கூடாது” என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்? அச்சாரம் கேட்போம். அவர் சரக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது வேறு ஒருவருக்கு விற்க முடியாமல் நமது கடையில் முடங்கிக் கிடக்கிறது அல்லவா? காத்திருக்கும் நேரமும் அப்படிக் கட்டி வைத்த சரக்குத்தான். ஒன் கோல் கொடுப்பனவு என்பது அதற்கான அச்சாரம். அழைப்பு வந்து செய்யும் வேலைக்குரிய கூலி வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இப்படியொரு வேலை ஏன் வந்தது?

நமது கடைகளில் காசாளர் மேசையும் களஞ்சியமும் கணக்குப் புத்தகமும் இன்று ஒரே இயந்திரத்துக்குள் போய்விட்டன. அது நின்றால் கடை நிற்கிறது. 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பெறுமதி சேர் வரி அவ்வருடம் ஜூன் மாதத்தில் 8 சதவீதத்திலிருந்து 12 ஆகவும், செப்டெம்பரில் 15 ஆகவும் உயர்ந்தது. பின்னர் 2024 ஜனவரி 1ஆம் திகதி 18 ஆனது. வரிக்குப் பதிவு செய்த கடைகள் பழைய திகதிக்கு ஒரு வீதத்திலும், விடிந்தால் இன்னொரு வீதத்திலும் பில் போட வேண்டியிருந்தது. மென்பொருளில் அந்த மாற்றத்தைச் செய்து கொடுக்க யாரோ ஒருவர் கடை பூட்டிய பின்னரும் விழித்திருக்க வேண்டும்.

உலக அளவிலும் ஓர் உதாரணம் உண்டு. 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றினால் ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்களும் வங்கிகளும் வைத்தியசாலைகளும் திண்டாடின. அந்தப் புதுப்பிப்பை நிறுவனம் சீக்கிரமே நிறுத்திவிட்டது. ஆனால் முடங்கிய கணினிகளில் ஏராளமானவற்றை ஒவ்வொன்றாகக் கைவைத்துத்தான் மீட்க வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்தவர்கள் பெரிய பெரிய நிபுணர்கள் மாத்திரமல்லர். புத்தூர்த் தம்பியைப் போல அடிமட்டத்தில் இருக்கும் உதவியாளர்களும்தான். எனவே இது அற்பமான வேலை அல்ல, தேவையில்லாத வேலையும் அல்ல.

168 மணித்தியாலக் கணக்கு

தம்பியின் கடிதத்தில் இருந்த தொகைகளை இங்கே எழுதுவது முறையல்ல. கணக்குப் பார்க்க வசதியாகச் சம்பளம் 45,000 ரூபா என்றும், ஒன் கோல் வாரத்துக்கு 3,000 ரூபா கொடுப்பனவு என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலில் சம்பளம். நாட்டின் தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அதைவிட இது கூடுதல்தான். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 சதவீதம், அதாவது 3,600 ரூபா கழியும். முதலாளி தனது பக்கத்தில் 12 சதவீதம், அதாவது 5,400 ரூபா போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமாக இன்னும் 1,350 ரூபாவும் முதலாளியின் பங்கு. கைக்கு வருவது 41,400 ரூபா. ஆனால் தம்பியின் பெயரில் சேமலாப நிதியில் மாதம் 9,000 ரூபா சேர்கிறது. ‘கைக்கு முழுதாகத் தருகிறோம், நிதியெல்லாம் வேண்டாம்’ என்று சொல்லும் இடங்களை நம்பிப் போகும் பிள்ளைகள் இந்த வரியைத் திரும்ப வாசிக்க வேண்டும்.

அடுத்து நேரம். ஒரு வாரத்தில் 168 மணித்தியாலங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8.30 முதல் மாலை 5.30 வரை கடமை என்றால் அது 45 மணித்தியாலம். மீதி 123 மணித்தியாலமும் ஒன் கோல். 3,000 ரூபாவை 123ஆல் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 25 ரூபாகூட வராது. ஒரு பிளேன்டீக்கும் காணாத காசு.

இதைப் பார்த்ததும் தம்பியின் முகம் வாடிவிட்டது. ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. அந்த 25 ரூபா எதற்கு என்பதுதான் கேள்வி. கட்டி வைத்ததற்கு மாத்திரமான அச்சாரம் என்றால் அதைக் கூட்டிக் குறைத்துப் பேசலாம். வேலைக்குரிய கூலியும் அதற்குள்ளேயே அடக்கம் என்றால் அந்த வியாபாரம் கட்டாது.

நமது நாட்டின் 1954ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து மணிக்கூலி பார்ப்பது வழக்கம். 45,000 ரூபாவுக்கு அது 187 ரூபா 50 சதம். ஒன்றரை மடங்கு 281 ரூபா. எனவே இரவு பத்து மணிக்கு அழைப்பு வந்து இரண்டு மணித்தியாலம் வேலை செய்தால் அதற்கு 560 ரூபாவுக்கு மேல் தனியாகக் கிடைக்க வேண்டும். கடிதம் இதைச் சொல்கிறதா என்று பார்த்தேன். ‘கம்பனியின் நடைமுறைக்கு அமைய’ என்று மட்டும் இருந்தது. நடைமுறை என்ன என்று எழுதியிருக்கவில்லை.

நீதிமன்றங்கள் எப்படிப் பார்க்கின்றன?

காத்திருக்கும் நேரம் வேலை நேரமா என்ற வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் பலமுறை போயிருக்கிறது. பெல்ஜியத்தின் நிவெல் நகரத் தீயணைப்பு வீரர் ஒருவர் வீட்டிலே காத்திருக்கலாம், ஆனால் அழைத்தால் 8 நிமிடத்துக்குள் நிலையத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது விதி. 2018 பெப்ரவரியில் வழங்கிய தீர்ப்பில், அப்படிப்பட்ட நேரம் வேலை நேரமே என்று நீதிமன்றம் சொன்னது. எட்டு நிமிடத்தில் எந்த மனிதன் தனது சொந்த அலுவலைப் பார்க்க முடியும்?

இரண்டாவது வழக்கு நமது விடயத்துக்கு இன்னும் கிட்டியது. சுலோவேனியாவில் மலைப் பகுதியிலுள்ள தொலைக்காட்சி ஒலிபரப்பு நிலையத்தில் வேலை செய்த தொழில்நுட்பவியலாளர் ஒருவர், அழைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் வர வேண்டும் என்ற நிபந்தனையில் காத்திருந்தார். 2021 மார்ச் மாதத் தீர்ப்பில் நீதிமன்றம் ஓர் அளவுகோலைக் கொடுத்தது. ஒருவர் தனது நேரத்தைத் தன் விருப்பப்படி பயன்படுத்துவதை அந்த நிபந்தனைகள் பெரிதும் கட்டுப்படுத்தினால்தான் அது வேலை நேரம். எவ்வளவு விரைவாக வர வேண்டும், எத்தனை முறை அழைப்பு வருகிறது என்பவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருக்கும் இடம் ஒதுக்குப்புறமானது என்பது மாத்திரம் காரணமாகாது.

இவை நமது நாட்டுச் சட்டம் அல்ல. ஆனால் அளவுகோல் நல்லது. 15 நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கவும் போக முடியாது, கலியாண வீட்டில் நிம்மதியாக இருந்து சாப்பிடவும் முடியாது. ஒரு மணித்தியாலம் என்றால் இரண்டும் முடியும். சம்பளத்தைவிட இந்த நிமிடக் கணக்குத்தான் ஒருவருடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது.

புத்தூர் என்ற முகவரியின் பெறுமதி

தம்பி கவனிக்காத ஒன்று அவரிடம் இருந்தது. அது அவரது ஊர். புத்தூரிலிருந்து ஒரு பக்கம் நீர்வேலி, கோப்பாய் வழியாக யாழ்ப்பாண நகரம். மறுபக்கம் ஆவரங்கால், வல்லை வழியாக நெல்லியடி, பருத்தித்துறை. கிழக்கே வாதரவத்தைப் பக்கமாகப் போனால் மீசாலையில் ஏ-9 வீதி, அருகிலேயே சாவகச்சேரி. மேற்கே சுன்னாகம். குடாநாட்டின் பெரிய கடைத்தெருக்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது ஊர். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு அறை எடுத்து ஒருவரை வைப்பதைவிட புத்தூரில் வீடு உள்ள ஒருவரை வைப்பது கம்பனிக்கு இலாபம். சந்தியில் உள்ள கடைக்கு வாடகை கூட என்பது நமக்குத் தெரியும். அந்தச் சந்திப் பெறுமதியைப் பிள்ளையும் பேச்சில் வைக்கலாம்.

ஆனால் அதே இடத்தில் செலவும் உண்டு. இரவு பதினொரு மணிக்கு வல்லை வெளியைத் தனியே மோட்டார் சைக்கிளில் கடப்பது விளையாட்டல்ல. பெற்றோல், டயர், காப்புறுதி எல்லாம் யாருடைய கணக்கு? வீட்டில் மின்சாரம் நின்றால்? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. வீட்டிலிருந்து கணினி மூலம் கடையின் இயந்திரத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்றால் இணைய இணைப்பும் பெற்றரி வசதியும் கருவிகளே. கருவியைக் கொடுப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பு.

கையொப்பத்துக்கு முன் ஏழு கேள்விகள்

தம்பியிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இதே நிலையில் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் உதவும்.

1. ஒன் கோல் முறையில் எத்தனை பேர்? இருவர் என்றால் வாழ்க்கையில் பாதி போய்விடும். நான்கு பேர் என்றால் மாதத்தில் ஒரு வாரம்.

2. எத்தனை நிமிடத்தில் பதில்? தொலைபேசியில் பதில் சொல்வதற்கு ஒரு கால அளவு, நேரில் போவதற்கு வேறொரு கால அளவு என்று பிரித்து எழுத வேண்டும்.

3. எது அவசரம்? பில் இயந்திரம் அடியோடு நிற்பது அவசரம். அச்சுக் கடதாசி மாற்றத் தெரியாதது காலையில் பார்க்க வேண்டியது.

4. எனக்கு மேலே யார்? புதிதாகச் சேர்ந்தவருக்கு விளங்காத பழுது வந்தால் நள்ளிரவில் யாரை எழுப்பலாம் என்று பெயரும் இலக்கமும் இருக்க வேண்டும். இது இல்லாத இடத்துக்குப் போகவே வேண்டாம்.

5. அச்சாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு? காத்திருப்பதற்கும் வேலை செய்வதற்கும் தனித்தனியாகத் தொகை.

6. இரவில் வேலை செய்தால் மறுநாள் ஓய்வு உண்டா? தூக்கமில்லாமல் காலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது ஆபத்து.

7. இடையில் விலகினால் என்ன? பயிற்சி கொடுத்தோம் என்று சொல்லி இரண்டு மூன்று வருடம் கட்டி வைக்கும் ஒப்பந்தம் உண்டா?

இவற்றைக் கேட்டால் வேலை போய்விடும் என்று தம்பி பயந்தார். விலை கேட்ட வாடிக்கையாளரை எந்தக் கடைக்காரரும் விரட்டுவதில்லை. பணிவாக, எழுத்தில் கேட்டால் போதும். வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுப்பது மேலே சொன்ன சட்டத்தின்படி முதலாளியின் கடமையும்கூட.

எடுப்பதா, விடுவதா?

எனது அபிப்பிராயம், எடுக்கலாம் என்பதுதான். ஆனால் தவணை வைத்து எடுக்க வேண்டும்.

எடுக்கலாம் என்பதற்குக் காரணம், அனுபவம் இல்லாத பிள்ளைக்கு இத்துறையில் திறக்கும் கதவுகள் சில. அவற்றில் பல கொழும்பில் இருக்கின்றன. அங்கே போனால் சம்பளத்தின் பெரும்பகுதி அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும். இங்கே வீட்டுச் சாப்பாடு, தகப்பனாருக்கும் ஒரு கை உதவி. அதைவிட முக்கியம், நூறு கடைகளின் பழுதைப் பார்த்தவனுக்கு நூறு கடைகளின் வியாபாரமும் விளங்கும். நாளைக்கு அவர் சொந்தமாகத் தொழில் தொடங்கினால் அந்த நூறு கடைகளும் அவரது முகத்தை அறிந்திருக்கும்.

தவணை ஏன்? புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றைப் பற்றி அந்த ஊரவர்களுக்குத் தெரியும். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். அளவோடு இறைக்கும்வரைதான் மேல் தண்ணீர். இளவயது உடம்பும் அப்படித்தான். ஒன் கோல் வேலையை ஒன்றரை வருடம் செய்வது பயிற்சி. அதே மட்டத்தில் ஐந்து வருடம் கிடப்பது தேய்மானம். எனவே ஒன்றரை வருடத்துக்குள் அடுத்த மட்டத்துக்கு ஏற வேண்டும், அல்லது வெளியே போக வேண்டும். அதற்கு ஒரு பேரேடு எழுதச் சொன்னேன். ஒவ்வோர் அழைப்புக்கும் திகதி, நேரம், என்ன பழுது, என்ன செய்தேன், எவ்வளவு நேரம் எடுத்தது என்று. கடைக்காரரின் இரகசியம் எதுவும் அதில் வரக் கூடாது. சம்பள உயர்வு கேட்கும் நாளில் அந்தப் பேரேடு பேசும்.

தம்பி ஏழு கேள்விகளையும் அனுப்பினார். கம்பனி கோபிக்கவில்லை. மூன்று பேர் முறை வைப்பதாகவும், இரவு ஒன்பது மணிக்குப் பின் நேரில் போகத் தேவையில்லை, தொலைபேசியில் மட்டும் உதவினால் போதும் என்றும், செய்த வேலைக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு தனி என்றும் எழுத்தில் கொடுத்தது. வாராந்தக் கொடுப்பனவை ஒரு சதமும் கூட்டவில்லை. கேட்ட எல்லாம் கிடைப்பதில்லை. கிடைத்ததைப் பார்த்துத் தம்பி கையொப்பமிட்டார். இரவுப் பயணம் போனதே அவரது தாயாருக்குப் பெரிய ஆறுதல்.

நமது பக்கத்துக் கணக்கு

கடைசியாக, கடைக்காரர்களாகிய நமக்கு. அந்தப் பிள்ளையின் தொலைபேசி ஒலிப்பது நமது கடையிலிருந்துதான். நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவுகளிலும், தீபாவளி நாட்களிலும் கடை நிரம்பியிருக்கும்போது இயந்திரம் நின்றால் நாம் பதறுவோம். அது நியாயம். ஆனால் பல அழைப்புகள் அப்படிப்பட்டவை அல்ல. மின்கம்பி கழன்றிருக்கும், கடதாசி தீர்ந்திருக்கும், கடவுச்சொல்லை மறந்திருப்போம்.

வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போது விலையை மாத்திரம் பார்க்கிறோம். இரவில் யார் பதில் சொல்வார், எவ்வளவு நேரத்தில், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. மிகக் குறைந்த விலைக்கு இருபத்து நான்கு மணித்தியாலச் சேவை தருகிறோம் என்று ஒரு கம்பனி சொன்னால், அந்தக் குறைந்த விலையை யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை தனது தூக்கத்தில் கட்டுகிறான் என்று அர்த்தம். அப்படிப்பட்டவன் ஆறு மாதத்தில் விலகிவிடுவான். பிறகு நமது பெருநாள் இரவில் தொலைபேசியை எடுப்பவருக்கு நமது கடையும் தெரியாது, இயந்திரமும் தெரியாது.

ஆகவே கடையில் ஒருவருக்காவது சின்னச் சின்னப் பழுதைத் திருத்தப் பழக்குங்கள். அன்றைய கணக்கை ஒவ்வோர் இரவும் வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். ஒரு பழைய பில் புத்தகத்தையும் காபன் தாளையும் மேசை லாச்சியில் போட்டு வையுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது சேவைக்கு வருபவருக்கு மேலதிகக் கொடுப்பனவு உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சரக்கைக் கட்டி வைக்க அச்சாரம் கேட்கும் நாம், நமக்காகக் கட்டி வைக்கப்பட்ட நேரத்துக்கும் அச்சாரம் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.